சுமைக்கூலி முக்கால் பணம்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் நான்கு செத்துப்போன போன்கள் கிடக்கின்றன. ஒன்றின் முதுகு லேசாக உப்பியிருக்கிறது. கூடவே ஒரு பழைய லேப்டாப் பேட்டரி, எதற்கு என்றே தெரியாத சார்ஜர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வயர்கள். திறக்கும்போதெல்லாம் இதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நினைப்பேன். அப்புறம் மூடிவிடுவேன். தூக்கிப் போட மனம் வராது, எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கக் கால் வராது.

இந்த இழுப்பறையைப் பார்த்தால் எனக்கு ஜெவன்ஸ் நினைவுக்கு வருவார். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1865இல், முப்பது வயதுகூட நிரம்பாதபோது, பிரிட்டனின் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கரி ஒருநாள் காலியாகிவிடும் என்று அவர் பயமுறுத்தியதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அவர் சொன்னது அதைவிட நுட்பமானது. மேலே கிடப்பதை முதலில் வெட்டுவோம், பிறகு ஆழத்துக்குப் போவோம், ஆழம் கூடக்கூடச் செலவும் கூடும், மலிவான கரியை நம்பி எழுந்த தொழில்களெல்லாம் அப்போது தடுமாறும். தீர்ந்துபோவதற்கு வெகுகாலம் முன்பே கட்டுப்படியாகாமல் போய்விடும் என்பதுதான் அவருடைய கவலை.

சொந்த வாழ்க்கையிலும் மனிதர் அப்படித்தான் இருந்திருக்கிறார். காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து, எழுதுகிற காகிதமும் பொட்டலம் கட்டுகிற பழுப்புக் காகிதமும் வாங்கிக் குவித்தாராம். 1882இல் இறந்துபோனார். 1936இல் அவரைப் பற்றிப் பேசிய இன்னொரு ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பழுப்புக் காகிதத்தை அவர் பிள்ளைகளால் தீர்க்க முடியவில்லை என்று போகிற போக்கில் சொல்கிறார். நிலக்கரி கதையும் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது. பிரிட்டனின் உற்பத்தி 1913இல் 29 கோடி டன்னை ஒட்டி உச்சம் தொட்டது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அன்றைக்கும் மண்ணுக்கடியில் கரி கிடந்தது.

மின்சாரக் கார், சோலார், காற்றாலை என்று பேச்சு எடுத்தாலே நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதற்கெல்லாம் லித்தியத்துக்கும் செம்புக்கும் எங்கே போவது? அதுவும் தீர்ந்துபோகுமே?" என்பதுதான். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் சுரங்கத் தொழிலில் 'இருப்பு' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. வீட்டுக் குதிருக்குள் எவ்வளவு நெல் இருக்கிறது என்பது போன்ற கணக்கு இல்லை அது. இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில், தோண்டினால் லாபம் வரும் என்று அளந்து உறுதி செய்த பங்குதான் இருப்பு. விலை ஏறினால் இருப்பும் ஏறும். 1970இல் உலகின் செம்பு இருப்பு சுமார் 28 கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகத் தோண்டி எடுத்தாயிற்று. இன்றைய இருப்பு 100 கோடி டன்னை நெருங்குகிறது. தின்னத் தின்னக் குன்று வளர்ந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு கவலையே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. அந்தக் கூட்டத்தின் குலதெய்வம் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன். 1980இல் உயிரியலாளர் பால் எர்லிக்கோடு அவர் கட்டிய பந்தயம் பிரசித்தம். செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்கள், ஒவ்வொன்றும் 200 டாலருக்கு. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் பத்தாண்டுகளில் விலை ஏறுமா இறங்குமா என்பதுதான் பந்தயம். ஐந்தும் இறங்கின. 1990இல் எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை எழுதி அனுப்பினார். மனித மூளைதான் கடைசி வளம் என்று சைமன் தரப்பு இன்றுவரை கொண்டாடுகிறது. ஆனால் 1980 விலைகள் ஏறி நின்ற நேரம். வேறொரு பத்தாண்டைத் தேர்ந்திருந்தால் எர்லிக் ஜெயித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பந்தயத்தின் முடிவைத் தீர்மானித்ததில் தேதிக்கும் பங்கு இருக்கிறது.

குன்று வளர்கிறது என்றேனே, வளர்வதில் பெரும்பகுதி வெறும் கல். நூறாண்டுகளுக்கு முன்பு 2 சதவீதச் செம்புள்ள தாது சாதாரணம். இன்று உலகச் சராசரி 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு டன் செம்பு வேண்டுமானால் 160 டன்னுக்கு மேல் தாதுவை உடைத்து, மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும். அந்தத் தாதுவை எட்டுவதற்கு முன் புரட்டித் தள்ளும் வெற்றுப் பாறை தனிக் கணக்கு. டீசல், தண்ணீர், மின்சாரம், பிறகு கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்க அணை. ஜெவன்ஸ் சொன்னது நிலக்கரியில் பலித்ததோ இல்லையோ, செம்பில் ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலித்துக்கொண்டிருக்கிறது.

சரி, அப்படியானால் உண்மையான தட்டுப்பாடு எங்கே? என் பதில்: காலத்தில். லித்தியத்தின் விலையைப் பாருங்கள். சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் 2021 தொடக்கத்தில் டன்னுக்கு 60,000 யுவானை ஒட்டி விற்றது. 2022 நவம்பரில் கிட்டத்தட்ட 6 லட்சம் யுவான். 2023 முடிவில் 1 லட்சத்தை ஒட்டி. 2025 நடுவில் பார்த்தால் மறுபடி 60,000. பத்து மடங்கு ஏறி, பத்து மடங்கு இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இந்த நான்கரை ஆண்டுகளில் பூமியின் மேலோட்டில் இருக்கும் லித்தியத்தின் அளவு மாறிவிடவில்லை. பேட்டரித் தொழிற்சாலையை இரண்டு ஆண்டுகளில் கட்டிவிடலாம். ஆனால் ஒரு சுரங்கம், தாதுவைக் கண்டுபிடித்த நாளிலிருந்து முதல் உற்பத்திக்கு வரச் சராசரியாக 16 ஆண்டுகள் ஆகிறது என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. இரண்டு ஆண்டும் பதினாறு ஆண்டும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள். இழுப்பது நேராகப் போகுமா?

விலை உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் சுரங்கம் திறக்கக் கிளம்புவார்கள். கிளம்பியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து சேருவார்கள். விலை சரியும், பாதிப்பேர் மூடிவிட்டுப் போவார்கள், அடுத்த தட்டுப்பாட்டுக்கு அதுவே விதை. சோலாரில் இதே நாடகம் முன்பே அரங்கேறியது. 2008இல் சோலார் செல்லின் மூலப்பொருளான பாலிசிலிக்கான் ரொக்கச் சந்தையில் கிலோ 400 டாலரைத் தாண்டியது. மணலிலிருந்து வருகிற பொருள், தட்டுப்பாடு என்று சொன்னாலே சிரிப்பு வரும். நான்கே ஆண்டுகளில் 30 டாலருக்குக் கீழே வந்துவிட்டது.

ஆனால் விலை ஏறும்போது சுரங்கம் மட்டும் கிளம்புவதில்லை. ஆய்வகமும் கிளம்புகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த உதாரணம் கோபால்ட். 1978 மே மாதம் அன்றைய ஜயரில், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், ஷாபா மாகாணத்தின் கொல்வெசி நகருக்குள் கிளர்ச்சியாளர்கள் புகுந்தார்கள். உலகின் கோபால்டில் பெரும்பங்கு அந்த வட்டாரத்திலிருந்துதான் வந்தது. பவுண்டுக்கு 7 டாலருக்குள் இருந்த உற்பத்தியாளர் விலை 1979இல் 25 டாலராயிற்று. அப்போது கோபால்டை நிறையத் தின்றுகொண்டிருந்தவை காந்தங்கள். அலுமினியமும் நிக்கலும் கோபால்டும் சேர்ந்த அல்னிகோ காந்தம் ஒலிபெருக்கிகளில் எல்லாம் இருந்தது. விலையைப் பார்த்ததும் ஒலிபெருக்கி செய்கிறவர்கள் ஃபெரைட் காந்தத்துக்குத் தாவினார்கள். அது துருவின் உறவுக்காரப் பொருள், மலிவு. கோபால்ட் விலை இறங்கிய பிறகும் அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை. (பழைய ஒலிபெருக்கிப் பிரியர்கள் அல்னிகோவின் குரலே தனி என்று இன்றும் பெருமூச்சு விடுவார்கள். என் காதுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.)

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே உலோகம், அதே நாடு, அதே கதை. பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும் என்றதும் 2018 வசந்தத்தில் விலை டன்னுக்கு 90,000 டாலரைத் தாண்டியது. இந்த முறை தாவியது பேட்டரிக்காரர்கள். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த லித்தியம் பேட்டரியை 1990களிலேயே ஜான் குடெனஃப் குழு கண்டுபிடித்து வைத்திருந்தது. கோபால்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம். எடைக்கு எடை ஆற்றல் குறைவு என்று ஒதுக்கி வைத்திருந்ததைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2024இல் உலகின் மின்சார வாகன பேட்டரிகளில், கொள்ளளவுக் கணக்கில், ஏறக்குறைய பாதி இந்த வகைதான்.

கோபால்டில் இன்னொரு விசித்திரம் உண்டு. அதற்காகவே தோண்டுகிற சுரங்கம் மிகக் குறைவு. செம்புக்கும் நிக்கலுக்கும் தோண்டும்போது கூட வருவதுதான் பெரும்பகுதி. துத்தநாகத்தோடு இண்டியம், அலுமினாவோடு காலியம், செம்போடு டெலூரியம், எல்லாம் இந்த ரகம். கோபால்ட் விலை இரட்டிப்பானாலும், செம்பு விலை படுத்திருந்தால் யாரும் புதிதாகத் தோண்ட மாட்டார்கள். கோபால்ட் விலை விழுந்தாலும், செம்புக்காகத் தோண்டும்போது வந்து குவிந்துகொண்டே இருக்கும். விலை உயர்ந்தால் உற்பத்தி உயரும் என்ற பாடப்புத்தக விதி இங்கே எடுபடுவதில்லை. தப்பிக்க வழி பெரும்பாலும் ஒன்றுதான்: குறைவாகப் பயன்படுத்துவது.

குறைவாகப் பயன்படுத்துவதில் சோலார்க்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஒவ்வொரு செல்லின் முகத்திலும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் இருக்கும், மின்னோட்டத்தைத் திரட்ட. 2011 ஏப்ரலில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. கோடுகளை இன்னும் மெல்லியதாக அச்சிடக் கற்றார்கள். பத்தாண்டுகளில் ஒரு செல்லுக்கான வெள்ளி ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு இறங்கிவிட்டது.

இதுவரை நல்ல செய்திதான். இனிமேல்தான் எனக்கு உறுத்துகிற இடம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்போம். பழைய ஈய பேட்டரி அப்படிப்பட்ட யானை. எடையில் பாதிக்கு மேல் ஈயம். எந்தக் கம்பெனி செய்தாலும் உள்ளே ஏறத்தாழ ஒரே அமைப்பு. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், அதனால் யாரும் இழுப்பறையில் போட்டு வைப்பதில்லை. அமெரிக்காவில் 99 சதவீதம் திரும்ப வந்துவிடுகிறது என்று அந்தத் தொழில்துறை மார்தட்டுகிறது. அலுமினியமும் யானைதான், காரணம் வேறு. தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதத்தை ஒட்டிய செலவில் பழையதை உருக்கிவிடலாம். மிச்சமாகும் மின்சாரமே லாபம்.

கோபால்டும் நிக்கலும் நிறைந்த பேட்டரியும் யானையாகத்தான் இருந்தது. மறுசுழற்சி ஆலைகளின் வரவுசெலவுக் கணக்கெல்லாம் அந்த இரண்டு உலோகங்களை நம்பித்தான் போடப்பட்டது. பழைய பேட்டரியை நொறுக்கிச் சலித்தால் கடைசியில் ஒரு கரும்பொடி நிற்கும். தொழிலில் அதை பிளாக் மாஸ் என்கிறார்கள். கோபால்ட், நிக்கல், லித்தியம், கிராபைட் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். அதை அமிலத்தில் கரைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பது ஒரு வழி. பேட்டரியை அப்படியே உலையில் போட்டு உருக்குவது இன்னொரு வழி. உலையில் கோபால்டும் நிக்கலும் அடியில் தங்கும், லித்தியம் கசடோடு போய்விடும். கோபால்ட் விலை உயர்ந்திருந்த நாளில் அந்த இழப்பை யாரும் பொருட்படுத்தவில்லை.

இப்போது வந்து சேரப்போவது இரும்பு பாஸ்பேட் பேட்டரி. உள்ளே விலை போகிற உலோகம் என்று பார்த்தால் லித்தியமும் கொஞ்சம் செம்பும் அலுமினியமும்தான். இரும்பையும் பாஸ்பேட்டையும் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? சோலார் பேனலும் அப்படியே. எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. உள்ளே இருக்கும் பொருள்களின் மதிப்பில் பெரும்பங்கு வெள்ளிக்கு, அதன் எடையோ ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வெள்ளியையும் ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே வருகிறோம். பற்றாக்குறையை வென்ற அதே சாமர்த்தியம் மறுசுழற்சியின் வயிற்றில் அடிக்கிறது. எவ்வளவு சிக்கனமாகச் செய்கிறோமோ அவ்வளவு மதிப்பற்ற குப்பையை விட்டுப் போகிறோம். சிக்கனமும் மறுசுழற்சியும் அண்ணன் தம்பி என்று பள்ளிக்கூடச் சுவரொட்டிகள் எனக்குச் சொல்லித் தந்திருந்தன. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் பங்காளிகள்.

மதிப்பு குறைகிறது, சரி. செலவாவது குறைகிறதா? சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்தத் தொழிலுக்காகவே பிறந்தது போலிருக்கிறது. கார் பேட்டரி பல நூறு கிலோ. பழைய லித்தியம் பேட்டரியை ஏற்றி அனுப்பினால் அது அபாயகரமான சரக்கு. வழியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் எளிதில் அடங்காது. ஆலைக்கு வந்ததும் மின்னூட்டத்தை வடிக்க வேண்டும், பிரிக்க வேண்டும். பிரிப்பது என்றால் திருகாணியைக் கழற்றுவது என்று நினைத்துவிடாதீர்கள். எடையையும் இடத்தையும் மிச்சம் பிடிக்க, செல்களைப் பசையாலும் நுரையாலும் ஒட்டி ஒரே கல்லாக இறுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அமைப்பு. ஆக, மறுசுழற்சி ஆலையின் செலவெல்லாம் ஆள், போக்குவரத்து, பாதுகாப்பு, அமிலம் என்று இறங்காத செலவு. வரவு மட்டும் லித்தியம் விலையோடு சேர்ந்து ஊஞ்சலாடும்.

அப்படி ஆடி விழுந்தவர்கள் உண்டு. கனடாவின் லி-சைக்கிள் இந்தத் துறையின் நட்சத்திரமாகப் பேசப்பட்ட நிறுவனம். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கட்டத் தொடங்கிய பெரிய ஆலை, செலவு கையை மீறிப் போனதால் 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. சுரங்கமாவது விலை விழுந்தால் தோண்டுவதை நிறுத்திக் காத்திருக்கலாம், தாது எங்கும் ஓடிவிடாது. பழைய பேட்டரியை அப்படிப் போட்டு வைக்க முடியாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 2012இல் உலகம் முழுக்க விற்ற மின்சாரக் கார்கள் சுமார் 1.2 லட்சம். 2024இல் 1.7 கோடிக்கு மேல். பேட்டரிக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொண்டால், 2024இல் மறுசுழற்சிக்கு வரவேண்டியவை 2012இல் பிறந்தவை. அத்தனையையும் ஒரு கிராம்கூடச் சிந்தாமல் மீட்டாலும் அந்த ஆண்டின் தேவையில் 1 சதவீதம்கூட இராது. அன்றைய பேட்டரிகள் சிறியவை என்பதையும் சேர்த்தால் இன்னும் குறையும். இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, வெறும் வயது வித்தியாசம். வளர்ந்துகொண்டிருக்கும் வரை எந்தத் தொழிலும் தன் கழிவை மட்டும் தின்று பிழைக்க முடியாது. மறுசுழற்சி வந்துவிட்டால் சுரங்கமே வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, பேட்டரிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைக்கின்றன. காருக்கு ஆகாது என்று கழற்றியதை வரிசையாக அடுக்கி, சூரிய மின்சாரத்தைப் பகலில் சேமித்து இரவில் தர வைக்கிறார்கள். அமெரிக்காவின் ரெட்வுட் மெட்டீரியல்ஸ், டெஸ்லாவின் ஆரம்பகாலப் பொறியாளர் ஜே. பி. ஸ்ட்ராபெல் தொடங்கிய மறுசுழற்சி நிறுவனம், 2025இல் இதற்கென்றே ஒரு கிளை திறந்தது. உடைத்துக் கரைப்பதைவிட இன்னும் சில ஆண்டு ஓட விடுவது லாபம் என்று மறுசுழற்சிக்காரரே கண்டுகொண்டார். நல்ல விஷயம்தான். ஆனால் உலோகம் திரும்பி வருவது அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். இன்றைக்குப் பல ஆலைகளில் நொறுங்குவதில் பெரும்பகுதி யாரும் ஓட்டித் தேய்த்த பேட்டரியே இல்லை. புதுத் தொழிற்சாலைகளில் உற்பத்தியின்போதே கழிந்த துண்டு துணுக்குகள்.

ஈய பேட்டரியை யானை என்று புகழ்ந்தேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. செனகல் நாட்டில், டாக்கர் நகர எல்லையில், தியாரோய்-சுர்-மெர் என்ற பகுதியில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் காரணம் புரியவில்லை. பல ஆண்டுகளாக அங்கே திறந்தவெளியில் பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தார்கள். ஈய விலை ஏறியபோது, ஈயம் ஊறிய அந்த மண்ணையே பெண்கள் சலித்து, வடித்தெடுத்ததை மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். விலை தன் வேலையைச் சரியாகச் செய்தது. பொருள் வீணாகாமல் கடைசித் துகள் வரை மீட்கப்பட்டது. அதற்கான சுமைக்கூலியைக் குழந்தைகளின் ரத்தம் கொடுத்தது. மறுசுழற்சி விகிதம் என்று ஓர் எண்ணைக் காட்டி யாராவது பெருமைப்படும்போது, எப்படி, எங்கே, யார் கையால் என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

விலையை மட்டும் நம்பினால் நடப்பது இரண்டில் ஒன்று. மதிப்புள்ளது மலிவான உடல்களைத் தேடிப் போகும், மதிப்பில்லாதது குழிக்குள் போகும். அமெரிக்காவில் ஒரு சோலார் பேனலைக் குப்பைக் கிடங்கில் தள்ள ஓரிரு டாலரிலிருந்து ஐந்து டாலர், மறுசுழற்சி செய்ய 15 முதல் 45 டாலர் என்று அந்நாட்டுத் தேசிய ஆய்வகம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. இந்த இடைவெளியைப் பொதுமக்களின் நல்லெண்ணம் நிரப்பும் என்று நான் நம்பவில்லை. என் இழுப்பறையே சாட்சி.

அதனால் சட்டம்தான் வர வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறை இதில் தைரியமானது. தயாரித்தவரே பழையதைத் திரும்பப் பெற வேண்டும். கழிவு பேட்டரியில் உள்ள லித்தியத்தில் 2027 முடிவுக்குள் 50 சதவீதமும், 2031 முடிவுக்குள் 80 சதவீதமும் மீட்க வேண்டும். 2031 ஆகஸ்டிலிருந்து புது பேட்டரியில் இருக்கும் கோபால்டில் 16 சதவீதம், லித்தியத்தில் 6, நிக்கலில் 6 மறுசுழற்சி செய்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கார் பேட்டரிக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் மின்னணுக் கடவுச்சீட்டும் 2027இல் வருகிறது.

இதில் எனக்கு எல்லாமே பிடித்துவிடவில்லை. திரும்பப் பெறும் கடமையும் லித்தியத்தை மீட்கும் அளவும் சரி, ஏனென்றால் அவை விலை விழுந்த நாளிலும் விழாமல் நிற்கும். கடவுச்சீட்டு இன்னும் சரி, பிரிக்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை சதவீதம் பழைய உலோகம் கலந்தே ஆக வேண்டும் என்ற விதியில் ஓர் ஆபத்தைப் பார்க்கிறேன். கழிவே போதாத காலத்தில் அப்படிக் கட்டாயப்படுத்தினால், இன்னும் ஓடக்கூடிய பேட்டரியைக்கூட நொறுக்கிக் கணக்குக் காட்டத் தோன்றும். இன்னொருவர் நாட்டின் கழிவை அதிக விலைக்கு இழுத்துக்கொள்ளவும் தோன்றும். என்னைக் கேட்டால், விற்கும்போதே சுமைக்கூலியை விலையில் சேர்த்து வாங்கி ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து லித்தியம் எந்த விலைக்கு விற்றாலும் அந்தப் பேட்டரியை ஆலை வரை கொண்டுபோகப் பணம் இருக்கும். பசைக்குப் பதில் திருகாணி போட்ட கம்பெனிக்கு அந்தக் கட்டணம் குறைய வேண்டும். திருகாணி தானாகத் திரும்பி வந்துவிடும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, பழைய வழியே தேவலை என்று நான் சொல்லவருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் இன்று ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி தோண்டுகிறது. எரித்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி அவ்வளவும் தோண்ட வேண்டும். லித்தியம் 2024இல் உலகம் முழுக்கச் சேர்த்து, உலோகக் கணக்கில், 2.4 லட்சம் டன். தாதுவையும் பாறையையும் சேர்த்தால் இந்த வித்தியாசம் சுருங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரிந்த கரியை யாராலும் இழுப்பறையில் போட்டு வைக்க முடியாது. லித்தியம் அணு பேட்டரி செத்த பிறகும் லித்தியம் அணுவாகவே உட்கார்ந்திருக்கிறது. யாராவது வந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று என் நான்கு போன்களை வைத்தே கணக்குப் பார்த்தேன். ஒரு டன் பழைய போன்களில் 200 கிராமுக்கு மேல் தங்கம் இருக்கும். டன்னுக்கு 5 கிராம் கிடைத்தாலே நல்ல தங்கச் சுரங்கம் என்பார்கள். என் இழுப்பறை அவ்வளவு வளமான தாது. ஒரே சிக்கல், ஒரு டன் சேர ஆறேழாயிரம் போன் வேண்டும். தாதுநாளம் ஒவ்வொரு வீட்டின் இழுப்பறைக்குள்ளும் நான்கு நான்காக ஒளிந்துகொண்டு ஓடுகிறது.

இதை எழுதி முடிக்கும்போது வெட்கம் வந்து இழுப்பறையைத் திறந்தேன். உப்பிய போனை முதலில் தனியாக ஒரு தகர டப்பாவில் வைத்தேன். மற்ற இரண்டையும் லேப்டாப் பேட்டரியையும் முனைகளில் டேப் ஒட்டி ஒரு பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், சேகரிப்பு மையத்துக்குப் போகிற நாளுக்காக. நான்காவதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன். அதில் சில படங்கள் இருக்கின்றன. சார்ஜரைக் கண்டுபிடித்தால் எடுத்துவிடலாம். அந்த வயர்க் குவியலுக்குள்தான் எங்கோ இருக்க வேண்டும்.